முழுக்கைச் சட்டைக் காலம்

எங்கள் ஊரில் காற்று முற்றினால்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
புன்டா அரினாஸ் என்றால் படம் எடுக்க வருகிறவர்கள்
அந்தக் கயிற்றைத்தான் கேட்பார்கள்.

அது நவம்பர்.
ஜூலையில் ஊர் அசையாது, உறைந்து கிடக்கும்.
ஜூலையில் வீசுவது இருமல்.

இரவு இரண்டு பத்து.
காற்றுக்குழாய் வழியே தட்டென்று விழுகிறது பெட்டி.
ஊதா மூடி, நீல மூடி, மஞ்சள் மூடி.
மூன்றிலும் இன்னும் ஆறாத உடம்புச் சூடு.
முகம் எனக்கு வராது.
பார்கோடு வரும், வயது வரும்: ஐம்பத்திரண்டு.
என் விரல்கள் விறைத்திருந்தன,
ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டேன்.
விதிமுறையில் இல்லாத நொடி.

சுழலி நிற்கப் பத்து நிமிடம்.
சிவப்பு அடியில் தங்கும்,
மேலே தெளியும் ஆறிப்போன தேநீரின் நிறத்தில்
ஒரு மனிதரின் அடுத்த நான்கு நாள்.
அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.
படை, போர், கோட்டை என்றெல்லாம் எழுதுவார்கள்.
நான் பார்த்ததில்லை.
நான் பார்ப்பது கணக்கு:
லிம்போசைட் நானூறு.
ஆயிரத்துக்கு மேல் இருக்கவேண்டிய இடத்தில் நானூறு.
ஃபெரிட்டின் ஏறியிருக்கிறது,
டி-டைமர் ஏறியிருக்கிறது,
சிஆர்பி, சொல்லவே வேண்டாம்.
மறுபடி ஓட்டினேன்.
இயந்திரம் அதையே சொன்னது, சலிக்காமல்.

தொலைபேசியில் டாக்டர் ஓயார்சுன்:
"யாரு, நண்டுக்காரர் பார்ரியாவா?
நல்லாத்தான் இருக்கார் மிர்த்தா.
ஆக்ஸிஜன் தொண்ணூற்றைந்து.
நர்ஸுகிட்ட படகுக் கதை சொல்லிக்கிட்டு இருக்கார்.
ஆறு மணிக்குக் கடலுக்குப் போகணுமாம்,
சீசன் தொடங்கிடுச்சு, விடுங்கங்கறார்."

வாசலில் நின்று சிரித்துப் பேசுகிறார்.
கொல்லையில் தீப்பிடித்திருக்கிறது.
புகை இன்னும் முன்கட்டுக்கு வரவில்லை.
இதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை,
எண்களை மட்டும் வாசித்தேன்.
மறுமுனையில் பேனா நின்ற சத்தம்.
"சரி," என்றார். "வைத்துக்கொள்கிறேன்."

பெருமைப்படலாம்தான்.
ஆனால் என் மேலங்கிப் பையில்
போன வருடத்துச் சீட்டு ஒன்று இருக்கிறது.
முப்பத்தெட்டு வயது, பள்ளி வேன் ஓட்டுநர்.
எல்லா எண்ணும் கோட்டுக்குக் கீழே,
அழகாக, நல்ல பிள்ளைகள் மாதிரி.
வீட்டுக்கு அனுப்பினார்கள்.
ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது
மூடி திறக்குமுன்னே தெரிந்தது எனக்கு,
எப்படி என்று கேட்காதீர்கள்.
இயந்திரத்தைப் பிரித்துச் சோதித்தார்கள். பிழையில்லை.
இரண்டாம் நாள் இரத்தம்
இரண்டாம் நாளைப் பற்றித்தான் பேசியது.
நாங்கள்தான் ஐந்தாம் நாளாகக் கேட்டுக்கொண்டோம்.

பார்ரியாவின் குழாய் மறுநாள் இரவும் வந்தது.
அதற்கடுத்த இரவும்.
குழாய் வந்தால் ஆள் இருக்கிறார்.
எங்கள் அறைக்குத் தெரிந்த நலம் விசாரிப்பு அவ்வளவே.
மூன்றாம் இரவில் தமனி இரத்தம் வந்தது,
ஐஸில் வைத்து, ஓட்டமாக.
நான் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை.
ஆறாம் இரவில் லிம்போசைட் எழுநூறு.
ஒன்பதாம் இரவில் ஃபெரிட்டின் பாதியாயிற்று.

பத்தாம் இரவு குழாய் வரவில்லை.

வீட்டுக்குப் போனவர்களும் வருவதில்லை,
போய்விட்டவர்களும் வருவதில்லை.
இரண்டுக்கும் எங்கள் பக்கம் ஒரே மௌனம்.
கணினியில் பெயரைத் தட்டினால் தெரியும்.
தட்டவில்லை. விதிமுறை என்று சொல்லிக்கொண்டேன்.

காலையில் துறைமுகம் வழியாக நடக்கிறேன்.
கூடை இறக்குகிறார்கள்,
செந்நண்டுகள் மெதுவாகக் காலை ஆட்டுகின்றன.
ஐம்பதைத் தாண்டியவர்கள் நான்கு பேர்.
முழங்கை மடிப்பைப் பார்க்கிறேன்,
ஊசி குத்திய நீலம் மங்கப் பத்து நாளாவது ஆகுமே என்று.

குளிர்காலம்.
எல்லோருக்கும் முழுக்கைச் சட்டை.