நானூற்று எண்பது கிலோ

லியோனில்ட் குவாரெஸ்மாவை
நான் கேட்டதைவிடச் சுமந்ததே அதிகம்.

முதல் தடவை அவளுக்கு ஒன்பது வயது.
போர்ட்டோவில் மீன் சந்தைக்கு எதிரே ஐந்தாவது மாடி.
ஒரு ஆள் இருமினால் அடைத்துக்கொள்ளும் படிக்கட்டு.
பிராகாவில் யாரோ கழித்துக்கட்டிய சுவரோரப் பியானோ.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் கயிறு வழுக்கி
என் இடது சுண்டுவிரல் நகம் போயிற்று.
கதவிடுக்கில் நின்றிருந்த சிறுமி
‘வலிக்கிறதா?’ என்றாள்.
பியானோவைத்தான் கேட்டாள்.

இரண்டாவது, வடக்கே எங்கோ
பெரிய பரிசு வாங்கித் திரும்பிய வருஷம்.
இம்முறை கிராண்ட் பியானோ.
காலைக் கழற்றி, கம்பளியில் சுற்றி,
கிரேனில் ஏற்றி ஜன்னல் வழியே விட்டோம்.
தெருவே அண்ணாந்து நின்றது.
டோரு நதிக்கு நேர் மேலே ஒரு நிமிஷம்
சினைப்பசுபோல் தொங்கியது அது.
மறுநாள் பத்திரிகையில் படம்:
அவள் முகம், பியானோ, நிறைய வானம்.
ஓரத்தில் என் கை மட்டும், கயிறோடு.

மூன்றாவதை யாரும் படமெடுக்கவில்லை.
கணவர் வீட்டிலிருந்து, ஞாயிறு காலை, மழை.
பெட்டி பெட்டியாய் இசைத்தாள்கள்.
ஒரு தட்டு, ஒரு கரண்டிகூட இல்லை.
நான் கேட்கவில்லை.
சுமக்கிறவன் கேட்டால் பாரம் கூடும்.

நடுவில் ஒருமுறை டிக்கெட் அனுப்பினாள்.
இரண்டாம் வரிசை.
கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.
பக்கத்து இருக்கைப் பெண்மணி அழுதுகொண்டேயிருந்தாள்.
நான் கடைசிவரை
முன்னங்கால் சக்கரத்தின் பூட்டையே பார்த்திருந்தேன்.
அவள் அடித்த அடியில் அது
அரை விரற்கடை நகர்ந்ததென்று சத்தியம் செய்வேன்.
எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.
இனி நகராது என்று தெரிந்தபின்
நானும் தட்டினேன்.

அறுபத்தொன்றில் நிறுத்திவிட்டாள்.
நரம்பு என்றது ஒரு பத்திரிகை.
துக்கம் என்றது இன்னொன்று.
வானொலியில் ஒரு பேராசிரியர்
‘மௌனம்’ என்ற சொல்லை ஏழு தடவை சொன்னார்.
லாரியில் எண்ணிக்கொண்டே வந்தேன்.
வந்தது அவள் வீட்டுக்குத்தான்.

கதவைத் திறந்த கையில் நகம் வளர்ந்திருந்தது.
பத்து விரலிலும். சிவப்புச் சாயம் வேறு.
‘ஐம்பத்திரண்டு வருஷம் ஒட்ட வெட்டியது’ என்று
நீட்டிக் காட்டினாள், புது மோதிரம்போல.
‘இதை எடுத்துப் போங்கள், அபீலியோ.
இங்கே சாப்பாட்டு மேசை போடவேண்டும்.’
‘அவ்வளவுதானா?’
‘ஆறு பேர் உட்காரலாம்.’

பையன்கள் தூக்கினார்கள்.
இப்போதெல்லாம் ‘மெல்ல, மெல்ல’ என்று சொல்வதற்குத்தான்
எனக்குக் கூலி.
மரத்தரையில் மூன்று குழி,
கட்டைவிரல் கொள்ளும் ஆழம்.
மேசைக்கு நாலு கால்.
அவள் காட்டிய இடத்தில் போட்டதும்
ஒரு கால் சரியாகக் குழிக்குள் இறங்கி
மேசை ஆடியது.
பையிலிருந்த தாளை நாலாய் மடித்துச் செருகினேன்.
முழங்கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள்.
ம், என்றாள்.

மத்தி மீன் சுட்டிருந்தாள். கொஞ்சம் கருகல்.
சிவப்பு நகத்தால் முள்ளை உருவி
என் தட்டில் வைத்தாள், பிறகு பையன்களுக்கு.
நாங்கள் ஐந்து பேர். ஒரு நாற்காலி மிச்சம்.

வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது,
மேசைக்கடியில் இருப்பது ரசீது.
இன்றுவரை நானும் கேட்கவில்லை,
அவளும் மேசையை நகர்த்தவில்லை.