அதே வசனம்

தொப்பி இருந்த இடம்
நெற்றியில் இன்னும் வெளுப்பாய்க் கிடக்கிறது.
அதற்குக் கீழேதான் வெயில் தொடங்குகிறது,
முப்பத்துமூன்று வருட வெயில்.
மேஜர் ஜெனரல் வெலகெதர
இப்போது கௌரவ ஆளுநர்.
கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை.
நடை மட்டும் உடுப்பு மாற்றவில்லை;
பழைய பூங்காவின் சருகுகள் மேல்
இடதுகாலைத்தான் முதலில் வைக்கிறது.

நான் மொழிபெயர்ப்பாளன்.
இவர் லெப்டினன்ட் கேணலாய் வந்த காலத்திலும்
அரையடி பின்னால் நின்றவன்.
பாடசாலை மைதானத்தில் ஒலிவாங்கி பிடித்து
"உங்கள் பாதுகாப்புக்காக" என்றேன்.
போன கிழமை அதே மைதானத்தில்
"உங்கள் அபிவிருத்திக்காக" என்றேன்.
கருத்து அவருடையது, குரல் என்னுடையது.
ஆகையால் சின்னக்கடையில் மீன் வாங்கப் போனால்
ஏச்சு எனக்கு.

செவ்வாய்க்கிழமை, பொதுமக்கள் நாள்.
நாற்பத்தோராம் இலக்கம்: யக்கோமுத்து மெற்றில்டா.
மயிலிட்டி. தற்காலிக விலாசம் மல்லாகம்,
தற்காலிகமாய் ஏழாவது வாடகை வீடு.
சொப்பிங் பைக்குள் இரண்டு கடதாசி.

முதலாவது உறுதி.
நாலு பரப்பு, வடக்கெல்லை கடற்கரை ஒழுங்கை,
நொத்தாரிசின் சாய்ந்த கையெழுத்து.
எங்கள் பாஷையில் காணிப் பத்திரமும் உறுதி,
அதிகாரி வாயால் தருவதும் உறுதி.
சிங்களத்தில் அவை இரண்டு சொற்கள்.
எப்போதும் இந்த இடத்தில்தான் எனக்கு நாக்குப் புரளும்.

இரண்டாவது, பத்தொன்பது வருடம் மடித்ததில்
நாலாய்ப் பிரியப் பார்க்கும் கடிதம்.
"பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டுத் தற்போதைக்கு
அனுமதிக்க இயலாது என்பதை அறியத்தருகிறேன்."
அடியில் வாலை நீட்டிய கையொப்பம்.
ஆளுநர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.
தன் கையொப்பத்தைத் தெருவில் கண்ட
பழைய பள்ளிக்கூடத் தோழனைப் போலப் பார்த்தார்,
பெயர் தெரியும், பேச என்ன இருக்கிறது?

மெற்றில்டா காணியைக் கேட்கவில்லை முதலில்.
"கிணத்துக் கப்பி கிடக்கோ எண்டு கேளுங்கோ."
நான் வாயைத் திறக்குமுன்
"கிடக்கு" என்றார் ஆளுநர்.
தமிழில்.
பிறகு என்னைப் பார்க்காமல்,
"நல்ல தண்ணி."

அறையில் விசிறி மட்டும் சுற்றியது.
அந்த வீட்டில் அவர் எத்தனை மாதம் இருந்தார்,
எந்தச் சுவரில் வரைபடம் மாட்டினார்,
நான் கேட்கவில்லை, கேட்பது என் வேலையல்ல.

அன்றைக்கே கொழும்புக்கு எழுதினார்.
ஒரு பிரதி பலாலிக்கு. நல்ல கடிதம்.
வேலி தாண்டித் தண்ணீர் குடித்தவன் எழுதுகிற மாதிரி
ஒரு வரி அதில் இருந்தது,
மறுநாள் காலை அதை வெட்டிவிட்டார்.

பதில் மூன்று மாதத்தில் வந்தது.
இவரிடம் அணிவகுப்புப் பழகிய ஒருவர்,
இப்போது பிரிகேடியர்,
மரியாதை குறையாமல் எழுதியிருந்தார்.
வாசித்து முடித்த ஆளுநர் மெல்லச் சிரித்தார்.
"இது என்னுடைய வசனம்," என்றார் சிங்களத்தில்.
"கமா கூட மாறவில்லை."
ஜன்னலடிக்குப் போய்
நிமிர்ந்தே நின்றார், கைகள் முதுகுக்குப் பின்னால்.
அந்த நிலைக்கு இராணுவத்தில் 'இளைப்பாறு' என்று பெயர்.

எனக்கும் வேலை இலகு.
பழைய மொழிபெயர்ப்பை எடுத்துத் திகதியை மாற்றினால் போதும்.
அப்போதுதான் கண்டேன்:
சிங்களத்தில் 'தற்போதைக்கு' இல்லை,
அன்றும் இல்லை.
அது நான் போட்டது.
இருபத்தொன்பது வயதில், ஒரு மத்தியானம்,
இரக்கமா பயமா தெரியாமல்
பேனா தானாய்ச் சேர்த்த சொல்.

இம்முறை உள்ளதை உள்ளபடி தட்டெழுதினேன்.

மெற்றில்டா இரண்டு கடிதத்தையும்
மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.
விரலால் ஊர்ந்து ஊர்ந்து வாசித்தார்.
"தம்பி," என்றார்,
"இதில ஒரு சொல் குறையுது."