இடது பக்கம்

வண்டிக்குப் பதினோரு நாள் வயசு.
சீட்டுக்குப் போட்ட பாலிதீன்கூடப் பிரிக்கவில்லை,
பம்பரில் கட்டிய மிளகாய் இன்னும் பச்சை.
இடது பக்கம் மட்டும்
முன்கதவிலிருந்து டிக்கி வரைக்கும்
கறுப்புப் பெயின்ட்டில் வெள்ளை வெள்ளையாய்க் கோடு.

"பங்காளி வேலை" என்றார் ஒச்சப்பன்.
செக்கானூரணியிலிருந்து விரகனூர் ரிங் ரோடு வரை
அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார்போல,
நாக்கில் நன்றாகப் படிந்திருந்தது.
"பெத்தணன் சாவிய வச்சு இழுத்திருக்கான்.
வயித்தெரிச்சல்.
ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாச்சு.
வண்டிய நீங்க சரிபண்ணுங்க,
அவன நான் சரிபண்ணிக்கிறேன்."

நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன்.
வழுக்கினால் மேல்தோல். மாட்டினால் ஆழம்.
மூன்றில் மாட்டியது.
மற்ற முப்பது நாற்பதும் வழுக்கின.

கழுவி, களிமண் தேய்த்து,
ஷட்டரை இறக்கி, வெள்ளை விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
எந்தக் கீறலும் பேச ஆரம்பித்துவிடும்.
சாவிக்கோடு எனக்குத் தெரியும்.
ஆத்திரம் ஒரே இடத்தில் அழுத்தும்,
பயத்தில் பாதியில் நிற்கும்.
இவை கூட்டமாய்த் தொடங்கிக் கூட்டமாய் எகிறி
பின்சக்கரத்துக்கு மேலே வளைந்து ஏறியிருந்தன.
வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி மீண்டிருக்கிறது.
சைடு மிரரில், டிரைவரைப் பார்க்கும் விளிம்பிலும் கீறல்.
அப்படியென்றால்
பின்னால் போயிருக்கிறது.

ஜெய்லானி டேப் ஒட்டும்போது
"அண்ணே" என்றான்.
பின்கதவு ரப்பருக்குள்
விரல் நீளத்துக்கு ஒரு சீமைக்கருவேல முள்,
நுனி ஒடிந்து, அடி இன்னும் ஈரமாக.

கீறல் நீக்கித் தரப்படும் என்று போர்டில் போட்டிருக்கிறேன்.
உண்மையில் பள்ளத்தை எவனாலும் நீக்க முடியாது.
சுற்றியிருக்கும் மேட்டை அதன் ஆழத்துக்கு இறக்குகிறோம்,
அவ்வளவுதான்.
ஒரு குற்றமும் செய்யாத இடத்தையும் சேர்த்துத் தேய்க்கிறோம்.
மீட்டரில் நூற்றுப் பதினாலு காட்டிய கதவு
நூற்று மூன்றுக்கு வந்ததும் மெஷினை நிறுத்தினேன்.
அதற்குமேல் போனால் வெயிலைத் தாங்காது.
மதுரை வெயில் வேறு.

நிறுத்துவதற்கு முன்னால்,
கம்பளிப் பேடை மாட்டுவதற்கும் முன்னால்,
போனில் ஒன்பது போட்டோ எடுத்துவைத்தேன்.
யாரிடம் காட்டவென்று தெரியாது.
பெத்தணனை நான் பார்த்ததில்லை.
ஆனால் நான் தேய்க்கத் தேய்க்க
அவன் மேல் சொல்லும் சாட்சியும் போகும்,
அவனுக்காகச் சொல்லும் சாட்சியும் போகும்.

மறுநாள் சாயங்காலம் மகனோடு வந்தார்.
கௌசிக், ப்ளஸ் டூ.
அப்பா இடது பக்கம் போய்க் குனிந்து
கதவுக்குள் தன் மீசையைப் பார்த்தார்,
ரிங் ரோட்டில் போகும் தேங்காய் லாரியைத்
தலைகீழாய்ப் பார்த்தார்.
பையன் வலது பக்கமே நின்றான்.
நான் கூப்பிட்டும் இந்தப் பக்கம் வரவில்லை.

சாவியைக் கொடுத்தேன்.
பொத்தான் வைக்கும் சின்னக் கவரில் போட்டு
முள்ளையும் கொடுத்தேன்.
"ரப்பர்ல இருந்துச்சு."

கவரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.
ஒரு பக்கம். மறுபக்கம்.
ஜெய்லானி ஹோஸை மூடினான்,
அந்தச் சத்தமும் இல்லாமல் போனது.

"எந்தக் கம்மாய்டா?"

வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து
கொஞ்ச நேரம் கழித்து:
"ரிவர்ஸ் பழகினேம்பா."

அடிப்பார் என்று நினைத்தேன்.
பர்ஸைத் தேடினார், மேல்பையில் இருந்ததைக்
கீழ்ப்பையில் தேடினார்.
மூன்று கோடு உற்றுப் பார்த்தால் தெரியும் என்று சொன்னேன்,
காலை வெயிலில், கிழக்கே நிறுத்தினால்.
"கிழக்கதான் பெத்தணன் வீடு" என்றார்,
என்னிடம் இல்லை.

பில் புத்தகத்தைத் திறந்தேன்.
"சாவிக் கீறல்னு எழுதவா?
கேஸுக்கு வேணும்னீங்களே."

"பாலிஷ்னு மட்டும் போடுங்க" என்றார்.
பிறகு, ஒரு ஐந்நூறு குறைக்கச் சொன்னார்.