ஆறு இழைகள்

யார்க் நகரில் ஜனவரி.
ஊஸ் ஆறு மூன்றாம் முறையாகப் படியேறி
அப்பாவின் கடை நிலவறையில் முழங்காலளவு நிற்கிறது.
உருளைக்கிழங்கு மூட்டைகளை மேலேற்றப் போனேன்.
டார்ச் ஒளியில், உறைபெட்டிக்குப் பின்னால்,
செங்கல் சரிந்த ஓட்டையில்
இரண்டு மஞ்சள் வட்டங்கள்.

"கதவைச் சாத்து, குளிர்கிறது" என்றது ஓநாய்.

கதை தெரியும். ஏழாம் வகுப்பில் படம் வரைந்திருக்கிறேன்.
வைக்கிங்குகளின் கடவுள்கள் இதற்குப் பயந்து
கைக்கெட்டாத ஆறு பொருள்களைத் திரித்து
ஒரு நாடா செய்தார்கள்:
பூனையின் காலடியோசை, மீனின் மூச்சு,
மலையின் வேர், பெண்ணின் தாடி,
பறவையின் எச்சில், கரடியின் நரம்பு.

"இப்போது பார்."
நாடா நைந்து ஒற்றை நூலில் தொங்கியது.
பூனை நடப்பதை ஜெஸ் போனில் பதிந்து கேட்கிறாள்.
மீன் மூச்சை அளக்கக் கருவி வந்துவிட்டது.
தாடியா? என் மோவாயில் மூன்று மயிர்,
வெள்ளிக்கிழமைதோறும் பிடுங்குகிறேன்.

மேலிருந்து அப்பா:
"யதுர்ஷா, என்னடி செய்யிறாய் அங்க?"
"மூட்டை தூக்கிறன்!"

தமிழில் இல்லாதவற்றுக்கா பஞ்சம்.
குதிரைக் கொம்பு, முயல் கொம்பு
(இரண்டையும் தனித்தனியாக எண்ணலாமா என்றேன்,
எண்ணு என்றது)
ஆகாயத் தாமரை, ஆமை மயிர், மணல் கயிறு.
சொல்லச் சொல்ல விரலிடுக்கில்
ஈரமாய் ஏதோ இழைந்தது.
ஐந்து. ஆறாவது வரவில்லை.

"அவிழ்த்துவிடுவோம் என்று சொல்லித்தான் கட்டினார்கள்"
என்றது ஓநாய்.
"ஒருவன் மட்டும் பணயமாய்க் கையை என் வாயில் வைத்தான்.
அவிழ்க்கவில்லை. கடித்தேன்.
எனக்குத் தந்த வாக்கை யாராவது காப்பாற்றுவது,
அதைச் சேர். அப்படி ஒன்று எங்கும் கிடையாது."

வலது கையை நீட்டினேன்.
நாளை கணிதத் தேர்வு. மடக்கிக்கொண்டு
இடது கையை வைத்தேன்.
வெந்நீர்ப் பைபோல் சூடு, சொரசொரத்த நாக்கு.
"நாளை நாலு மணிக்கு வந்து அவிழ்த்துவிடுவேன்."
அது நம்பவில்லை.
அதனால்தான் ஆறாம் இழை முறுகி இறுகியது.
"கை வேண்டாம், ஒரு முறை தின்றாயிற்று" என்று
துப்பிவிட்டுத் திரும்பிப் படுத்தது.

இன்று, மூன்று ஐம்பது.
கடைசிக் கணக்கைப் போடாமலே வந்துவிட்டேன்.
ஸ்கெல்டர்கேட் பாலத்துக்குக் கீழே பழுப்பு நீர்.
கார் நிறுத்துமிடத்தில் வாத்துகள் நீந்துகின்றன.
போனால் அந்த வாக்கு இருக்கிற பொருளாகிவிடும்,
முடிச்சு தானே கழன்றுவிடும்.
போகாவிட்டால் நாடா ஒருநாளும் அறாது,
ஊர் பத்திரமாய் இருக்கும்.

ஜெஸ் கேட்கிறாள்,
இந்தக் குளிரில் ஏன்
இடது கையுறையை மட்டும் கழற்றுகிறாய் என்று.