அரைப்பேர்

ஆசிரியர் தேவை என்று
ஆறு வரி விளம்பரம் எழுத
மூன்று கூட்டம் பிடித்தது.
சம்பளம் இல்லை என்பதை
எந்த வரியில் வைப்பது என்றுதான் தகராறு.
கௌரவப் பதவி என்று போடலாம் என்றார் தலைவர் நேசதுரை.
நான் பொருளாளர்,
அந்தச் சொல்லின் விலை எனக்குத் தெரியும்.

அட்டனில் மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை.
அரையாண்டு ஆய்விதழ் என்கிறது பலகை.
கடைசி இதழ் வந்து இருபத்தாறு மாதம்.
பழைய ஆசிரியர் கனடாவுக்குப் புறப்பட்ட இரவு
கட்டுநாயக்காவிலிருந்து மெய்ப்பு அனுப்பினார்.
அடிக்குறிப்பு பதினேழு அதில் இல்லை.
இன்னும் தேடுகிறோம்.

விண்ணப்பம் மூன்று.
கொழும்பிலிருந்து ஒருவர்,
தன்விவரமே பதினொரு பக்கம்,
மலைக்கு வர முடியாதாம், சூமில் நடத்துவாராம்.
ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்,
எல்லாக் கட்டுரையும் தானே எழுதித் தருவாராம்.
அந்த உறுதி எங்களைப் பயமுறுத்தியது.
மூன்றாவது ஒற்றைத் தாள்:
சி. ஞானலெட்சுமி, பொகவந்தலாவை,
பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளர்.

பிலோமினா டீச்சர் என்னைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
பனி, பஸ் ஸ்டாண்டைப் பாதி தின்றிருந்தது.

நாலு வருசத்துக்கு முன்
அந்தப் பெண்ணின் கட்டுரையைத் திருப்பி அனுப்பினோம்.
முப்பத்தொரு பக்கம், ஒரே ஒரு சொல்லைப் பற்றி.
நிறுவையில் கொழுந்து குறைந்தால்
செக்ரோலில் விழுகிறதே
அரைப்பேர்,
அந்தச் சொல்.
எந்தத் தோட்டத்தில் எத்தனை கிலோவுக்குக் கீழே
ஒரு மனுசி பாதியாகிறாள் என்று
அட்டவணை போட்டிருந்தாள்.
மதிப்பீட்டாளர் இரண்டே வரி எழுதினார்:
வாய்மொழிச் சான்று மிகுதி.
ஆய்வுத் தரம் போதாது.
அந்த வாரம் செயலாளருக்குக் காய்ச்சல்.
வருந்துகிறோம் என்ற இடத்துக்குக் கீழே
கையெழுத்து வைத்தது நான்.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தாள்.
குடையை வெளியே விரித்து வைத்தாள்.
நேசதுரை கேட்டார்:
மேற்கோள் முறை தெரியுமா?
தெரியும்.
மதிப்பீட்டாளர்கள் பதில் போடாவிட்டால்?
வீட்டுக்குப் போவேன்.
எங்கள் பழைய இதழ் ஏதாவது படித்ததுண்டா?
எல்லாம். ஒன்பதாம் இதழில்
நாற்பத்து நாலாம் பக்கமும் நாற்பத்தைந்தும் இடம் மாறியிருக்கு.
பன்னிரண்டு வருசமாக
ஒருவரும் சொல்லவில்லை.
அதாவது, ஒருவரும் படிக்கவில்லை.

நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றோம்.
சம்பளம், அலுவலகம், மடிக்கணினி
எதுவும் கேட்கவில்லை.
"திருப்பி அனுப்புன கட்டுரைங்க
நகல் வச்சிருக்கீங்களா?
அந்தக் கோப்பு வேணும்."

நேசதுரை கனைத்தார்.
கொடுக்கலாம், என்றார்.
ஆனால் முதல் இரண்டு இதழுக்கு
பதில் ஆசிரியர் என்று போடுவோம்,
பிறகு பார்த்து நிரந்தரம்,
அதுதானே முறை.

அவள் கோபப்படவில்லை.
ஓர் எழுத்துப்பிழையைக் காட்டுகிற குரலில்தான் கேட்டாள்:
"அரைப்பேருங்களா, சார்?"

கீழே மருந்துக்கடையில்
யாரோ இருமல் சிரப் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
அது முழுவதும் மேலே கேட்டது,
விலை வரைக்கும்.

பிலோமினா டீச்சர்தான் நடவடிக்கைப் புத்தகத்தை இழுத்து
ஆசிரியர் என்று எழுதினார்.
முன்னால் எதுவும் இல்லாமல்.
தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
அதை நாங்கள் ஏகமனதாகக் கொண்டோம்.

அலுமாரியின் அடித்தட்டில் கோப்பு.
கரையான் ஓரத்தைத்தான் தொட்டிருந்தது.
மழை பிடித்துவிட்டதால்
மருந்துக்கடையில் ஒரு சொப்பிங் பேக் வாங்கிச் சுற்றிக் கொடுத்தேன்.
ஐந்து ரூபாய். கணக்கில் எழுதவில்லை.

பன்னிரண்டரை பஸ்ஸில் ஏறினாள்.
நோர்வூட் தாண்டுவதற்குள் பிரித்திருப்பாள்.
மேலிருந்து நாலாவதோ ஐந்தாவதோ
அவளுடைய கட்டுரை,
அதன் முதுகில் குத்தியபடி எங்கள் கடிதத்தின் நகல்,
அதன் அடியில்
பொறுப்பாய், அழகாய், முழுசாய்
என் பேர்.