பாகம் எண் நூற்றிப்பதினேழு

தொகுதியில் தோற்றது நாற்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டில்.
அதைப்பற்றி அயனிமூட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
எங்கள் பூத்தில் மூன்று.
மூன்றே மூன்று.

ஆயிரத்து நூற்றி ஆறு பெயர்.
பட்டியல் என் கையில்தான்.
காலையில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக் கொடுத்துவிட்டு
மாலையில் வீடு வீடாக
யார் செத்தார், யார் கெட்டிப் போனாள்,
யாருக்குப் பதினெட்டு என்று
அங்கன்வாடிச் சேலையோடு ஏறி இறங்குகிறவள் நான்.

யார் எந்தப் பக்கம் என்று பட்டியலில் இருக்காது.
முக்கில் இரண்டு சாயாக்கடை இருக்கிறது, போதும்.
செல்வதாஸ் கடையில் குடிக்கிறவர்கள் ஒரு கட்சி,
எதிரே சுதர்சனன் கடையில் குடிக்கிறவர்கள் மற்றது.
வேதக்கோயில், இசக்கியம்மன் கோயில் என்று பிரித்துப் பார்த்தால்
கணக்குப் பாதிதான் ஒத்துவரும்.
மீதிப் பாதி,
சுதர்சனன் கடன் கொடுப்பதில்லை என்பதால்.

ஓட்டுக்கு முந்தின ராத்திரி
இரண்டு கடையும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.
மழை பெய்தால் பால்வெட்டு இல்லை,
ஆண்கள் ஏழு மணிக்கே வரிசையில் நிற்பார்கள்.
பெய்யாவிட்டால்
முந்நூறு மரம் வெட்டி, சிரட்டை சிரட்டையாய்ப் பால் எடுத்து,
டிஷ்ஷில் ஊற்றி, குளித்து, தின்று, கண்ணசந்து
சாயங்காலம் ஐந்துக்கு எழும்புகிறவன்
எதை ஞாபகம் வைத்திருக்கப் போகிறான்.
நோட்டீஸ், மைக், ஜீப், கவர் எல்லாம்
மழைக்கு அப்புறம்தான் எங்களூரில்.

பெய்யவில்லை.

பத்தரைக்கு சோபனராஜ் வந்தான்.
சட்டைப்பையில் ஸ்லிப்,
நெற்றியில் அணைக்க மறந்த ஹெட்லைட்.
மை வைக்கிற பெண் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.
நகத்தின் மேல் ரப்பர்ப்பால் காய்ந்து
இன்னொரு தோலாயிருந்தது.
"மை பிடிக்காதுங்க, கழுவிட்டு வாங்க."
வெளியூர்க்காரி. அவளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.
பள்ளிக்கூடத்துப் பைப்பில் காற்றுதான் வந்தது.
ஓடையில் கழுவி வாறேன் என்று இறங்கினவனை
பிறகு காணவில்லை.

ஆறு மணிக்கு அறுநூற்றி நாற்பத்தொன்று.

மறுநாள் இரண்டு கடையிலும்
இடதுகை ஆட்காட்டி விரலில் பேண்டேஜ்.
வெட்டுக்கத்தி பட்டதாம்,
பதினாலு பேருக்கும்
ஒரே நாளில், ஒரே விரலில்.
கிளாசைப் பிடிக்கும்போது அதை மட்டும்
மடக்கி வைத்துக்கொண்டார்கள்.

எண்ணி முடிந்த ராத்திரி
தோற்ற கடையிலிருந்து ஆள் வந்தது:
வராதவன் லிஸ்ட்டைக் குடுங்க டீச்சரே.
டிக் அடித்த காப்பி சீல் வைத்துப் போயாச்சு என்றேன்.
அது உண்மை.
எனக்குத் தெரியாது என்றேன்.
அது பொய்.

அப்புறம் ஒவ்வொருத்தராய்,
நாய் குரைக்காத நேரம் பார்த்து.
"அந்த மூணுல ஒண்ணு எனக்க ஓட்டாக்கும்."
ஞாயிற்றுக்கிழமைக்குள்
மூன்றுக்குள் பத்தொன்பது பேர் இருந்தார்கள்.
ஜெயித்த கடையிலிருந்தும் இரண்டு பேர்,
தாங்கள் வந்திருந்தால் ஐந்தாகியிருக்குமே என்ற விசனத்தில்.

புஷ்பலீலா மட்டும்
அண்டியாபீசுக்குப் போகிற வழியில் நிறுத்தி,
தொலி நீர் பட்டுக் கறுத்த கையால் என் குடையைப் பிடித்து:
"நான் வந்தேன் டீச்சரே. போட்டேன்.
அவரு சொன்னதுல இல்ல."
ஒரு எட்டுப் போய்த் திரும்பிவந்து,
"அவருக்க காதுல விழாண்டாம்."

சோபனராஜ் வரவில்லை.
அவன் இரண்டு கடையிலும் குடிப்பதில்லை,
வீட்டில் கட்டன் போட்டுக் குடிக்கிறவன்.
அவனை இரண்டு பக்கமும்
தங்கள் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தது.

ஆனி மாசம் நானே போனேன்.
மகளுக்குப் பதினெட்டு. ஆறாம் நம்பர் படிவம்.
ஷீட்டு காயப்போட்டிருந்த கொடிக்கடியில்
குனிந்து வந்து கையெழுத்துப் போட்டான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னான்:
"ஓடையிலயும் போகேல டீச்சரே, அது.
அடுத்த மட்டம்
வெடியக்காலமே விரல்ல எண்ணெ தேச்சிட்டு
மரத்துக்குப் போறேன்."