நாறும் பூ

டிராம் பணிமனையில் ஸ்தெங்கா
சாண்ட்விச் தாளில் மூன்று சுற்றித் தந்தாள்.
விரல் நீளத் தண்டுகள், நான்கு விளிம்பு,
இலை இல்லை, முள்ளும் இல்லை,
தொட்டால் பூனைக்குட்டியின் காது.
"உடனே நடாதே," என்றாள். "காயப் போடு."

எனக்கு ஏது பொறுமை?
இரண்டை அன்றைக்கே நட்டேன். இரண்டும் அழுகின.
மூன்றாவது ஒன்பது நாள் அலமாரி மேல் கிடந்தது,
மின்கட்டண ரசீதின் மீது,
வெட்டுவாய் வெளுத்துத் தோல் மூடும்வரை.

மணல் இரண்டு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு,
மண் பேருக்கு.
அதன்பின் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் வேலை.
நவம்பர் தொடங்கி மார்ச் வரை ஒரு சொட்டு இல்லை.
ஒஸ்த்ராவாவின் பனி கண்ணாடிக்கு அந்தப் புறம்;
இந்தப் புறம் அது, சுருங்கிச் சிவந்து,
கடன் வாங்கியவன்போல் தலை குனிந்து.
மாவுப்பூச்சி வந்தபோது
பஞ்சில் பிளம் சாராயம் தொட்டுத் துடைத்தேன்.
மிச்சம் எனக்கு.
மே மாதத்துப் பனிப் புனிதர்கள் மூவரும் கடந்த பிறகே
பால்கனிக்கு எடுத்துப்போவேன்.

நான்காம் ஆண்டு ஆகஸ்டில்
அடித்தண்டில் ஒரு மொட்டு.
காற்றடைத்த பைபோல் வீங்கி
என் உள்ளங்கையைவிடப் பெரிதாகி
வியாழன் விடியலில் விரியத் தொடங்கியது.
நான் முதல் டிராமுக்கு ஓடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாடிப்படியெல்லாம் நாற்றம்.
எலி என்றார்கள். குப்பைக் குழாய் என்றார்கள்.
நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு தேடினேன்
(ஸ்தெங்கா இதை மட்டும் சொல்லவேயில்லை).
பத்து வருடமாய் லிஃப்டில் தலையை மட்டும் அசைத்தவர்கள்
கதவுக்குக் கதவு தட்டிப் பேசிக்கொண்டோம்.
நான்காம் மாடியில், என் பால்கனிக்கு நேர் கீழே,
ஒரு கதவு திறக்கவில்லை.
யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.
போலீஸ் பூட்டை உடைத்தது.

உள்ளே மடித்த போர்வை.
கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு கோப்பை.
ஓல்ட்ரிஹ் தங்கையைப் பார்க்க
ஸ்லீன் போயிருந்தார்.

மாலையில் துணி எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன்:
வெளிறிய மஞ்சளில் ஐந்து முனை நட்சத்திரம்,
குறுக்கே சிவப்பு வரிகள், ஓரமெல்லாம் மயிர்.
நடுவில் ஒரு பச்சை ஈ
இறைச்சி என்று நம்பி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.
பொரியும் புழுக்களுக்கு அங்கே தின்ன ஒன்றுமில்லை.
அதனிடம் கோபப்பட எனக்கென்ன யோக்கியதை?
நாங்கள் பூட்டையே உடைத்தவர்கள்.

புதுப் பூட்டுக்கான பணத்தோடும்
ஒடித்த தண்டு ஒன்றோடும் அவர் கதவைத் தட்டினேன்.
பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்.
பூவைப் பார்க்க வேண்டும் என்றார்.
வந்தார், குனிந்தார்,
கன்னம் படும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனார்.
நான் வாயால் மூச்சுவிட்டு நின்றேன்.
கோக் ஆலையில் முப்பத்தொரு ஆண்டு,
மூக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்றார்.
பிறகு மெல்ல ஊதினார்.
மயிர்கள் அசைந்தன. மறுபடி ஊதினார்.

இந்த ஆகஸ்டில் அவருடையது பூத்தது.
காலை ஆறு மணிக்குத் தொலைபேசி:
"வந்து முகர்ந்து சொல்லுங்கள். வருகிறதா?"
போனேன். கண்ணில் நீர் வந்தது.
வருகிறது என்றேன்.
"எப்படி?"
யோசித்தேன்.
கோடையில் மின்சாரம் போன கசாப்புக் கடை,
திங்கட்கிழமை திறந்தது போல.
பென்சிலை நாவில் தொட்டு
நாட்காட்டியில் எழுதிக்கொண்டார்.
திங்கட்கிழமைக்கு அடியில் கோடும் போட்டார்.